வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு

அந்த லிஃப்ட் கம்பெனியில் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ள ஆறு மெக்கானிக்குகள் இருந்தார்கள். சொற்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மாடி நிறைய ஆட்கள் இருந்தார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கம்பெனியே தன் வரவேற்பறைச் சுவரில், "எங்கள் பலம் எங்கள் சொல்" என்று பெரிய எழுத்தில் மாட்டி வைத்திருந்தது. அதைப் படித்துவிட்டு என் அத்தான், "கயிறு இல்லையா மச்சான்?" என்று கேட்டார். அவருக்குக் கிண்டல் வராது. லிஃப்டுக்குப் பலம் கயிறுதானே என்று நிஜமாகவே சந்தேகப்பட்டுக் கேட்டார்.

அத்தான் என் அக்காவின் கணவர். பேக்கரியில் அடுப்படி வேலை. ரொட்டி தீய்ந்துவிட்டால் அடிப்பக்கத்தைச் சுரண்டி விற்கிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. "இன்னிக்கு என் கவனம் தப்பிடுச்சு, மன்னிச்சிடுங்க, நாளைக்கு வாங்க" என்று மாவுக் கையோடு வாசலுக்கே வந்து சொல்லிவிடுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். வாங்க வந்தவர்கள் சிரித்துவிட்டு, மறுநாளும் அந்தக் கடைக்கே வருவார்கள். இப்படிப்பட்ட ஆளை ஆங்கிலத்தின் நுட்பங்களை ஆராய அனுப்பினால் எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் துணைக்குப் போனேன். எனக்குச் செருப்புக் கடையில் வேலை. ஒரு நாளைக்கு நான் சொல்லும் ஸாரிகளுக்குக் கணக்கே இல்லை.

அக்கா ஜன்னல் திரை தைப்பவள். வீட்டுக்கு வீடு போய் ஜன்னலை அளந்து, துணி வெட்டித் தைத்து, தானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டிவிட்டு வருவாள். அன்றைக்கு ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் ஐந்தாவது மாடி. புதுத் திரையை மாட்டியாகிவிட்டது. பழைய திரைகளைச் சுருட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அந்த லிஃப்ட் முனகுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை என்று எப்போதும் படியில்தான் போய்வருவாள். அன்று முட்டி வலி. போனில் அத்தான், "அவ்வளவு பெரிய மூட்டையைத் தூக்கிட்டு படியில இறங்காதே. லிஃப்ட்ல வா" என்றார். "சரிப்பா, லிஃப்ட்லயே வரேன், போதுமா" என்றாள்.

லிஃப்ட் வந்து நிற்காத மாடியில் கதவு திறக்கக் கூடாது. அதற்காகவே கதவில் ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டு கெட்டிருந்தது. அக்கா கதவை இழுத்தாள், திறந்தது. இரண்டு கையிலும் முகத்தை மறைக்கிற அளவுக்குத் திரை. காலை எடுத்து உள்ளே வைத்தாள். உள்ளே லிஃப்ட் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அத்தான் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "லிஃப்ட்ல வான்னு சொன்னது நான். பூட்டைக் கெட்டுப்போக விட்டது அவங்க. அவங்க வாயால, தப்பு எங்களுது, ஸாரின்னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டா போதும் மச்சான். இல்லேன்னா அது என்கிட்டயே நிக்குது." உங்கள் மேல் என்ன தப்பு என்று நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாள் திரும்ப அதையே சொன்னார். சரி, ஒரு சொல்தானே, போய்க் கேட்டு வாங்கிவிடலாம் என்றுதான் கிளம்பினோம்.

எங்களை உட்காரவைத்துப் பேசியவர் சொல் அதிகாரி என்கிற பதவியில் இருந்த அம்மாள். சட்டையில் ஒரு பட்டை குத்தியிருந்தார். அதில் 'ரிக்ரெட்' என்று எழுதியிருந்தது. முதலில் நான் அது அவர் பெயர் என்று நினைத்துவிட்டேன்.

"இங்க வேலை செய்யற ஒவ்வொருத்தருக்கும் ஒரு சொல் வரைக்கும்தான் அனுமதி" என்று விளக்கினார். "வாசல்ல இருக்கிறவர் 'நோட்டட்' சொல்லலாம், குறிச்சுக்கிட்டோம்னு. மெக்கானிக்குங்க 'கன்சர்ன்', அதாவது கவலையா இருக்குன்னு சொல்ற வரைக்கும் போகலாம். எனக்கு 'ரிக்ரெட்'. சேர்மனுக்கு மட்டும் 'டீப் ரிக்ரெட்'. இந்த இடத்துக்கு வர எனக்குப் பன்னெண்டு வருஷம் ஆச்சு."

அறையின் மூலையில் ஒருவர், மேசைமேல் ஒரு மணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தவறான சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் மணி அடிப்பது அவர் வேலை. முகத்தில் வேறு எந்த வேலைக்கும் இடமில்லை.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "அந்த ஆக்சிடென்ட் நடந்த அன்னிக்கு..."

மணி அடித்தது.

"இன்சிடென்ட்" என்றார் அதிகாரி, கனிவாக.

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"நல்ல கேள்வி. ஆக்சிடென்ட்னா அடிபட்டவங்க இருப்பாங்க. உடனே, யாரால அடிபட்டாங்கன்னு அடுத்த கேள்வி வரும். இன்சிடென்ட்னா ஏதோ ஒண்ணு நடந்துச்சு. அவ்வளவுதான். மழை பேஞ்சா கூட இன்சிடென்ட்தான்."

"என் பொண்டாட்டி செத்துட்டாம்மா."

"அது உங்க பக்கத்துல ஆக்சிடென்ட். எங்க பக்கத்துல இன்சிடென்ட். ரெண்டுமே சரிதான். ஆங்கிலம் அவ்வளவு வசதியான மொழி."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் மணியைப் பார்த்தேன். அவர் மறுபடி, "அவ அஞ்சாவது மாடியிலருந்து விழுந்து..." என்றார். மணி.

"விழுந்தாங்கன்னு நாங்க எழுதல" என்றார் அதிகாரி. "ஃபால்னு போட்டா எதிர்பாராம விழுந்ததா அர்த்தம் வந்துடும். நாங்க 'டிசென்ட்'னு போட்டிருக்கோம். டிசென்ட்னா கீழே வர்றது. அவங்க கீழே வரணும்னுதானே லிஃப்ட்டுக்கே வந்தாங்க?"

இதை அவர் குரூரமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டிய டீச்சரைப் போல நாங்கள் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தார். அத்தானின் கை நாற்காலி விளிம்பைப் பிடித்திருந்தது. முப்பது வருஷம் சூட்டைத் தொட்டுக் காய்த்துப்போன கை அது.

கடைசியில் வந்த காரியத்தைச் சொல்லிவிட்டார். போனில் தான் சொன்னதை முதலில் சொன்னார். அதையும் ஒளிக்கத் தெரியவில்லை. பிறகு, "நீங்க ஒரு ஸாரி சொல்லிட்டா நான் போயிடுவேம்மா" என்றார்.

இந்த முறை மணிக்காரர் எழுந்து நின்று அடித்தார்.

அதிகாரி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஸாரின்னா மனசு வருத்தப்படறது. அபாலஜின்னா தப்பை ஒத்துக்கறது. ரிக்ரெட்னா, இது நடக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு ஒரு பொதுவான அபிப்பிராயம். இந்த மூணும் வேற வேற."

"மனசு வருத்தப்பட்டாலே போதும்மா எனக்கு. ஸாரியே போதும்."

"அங்கதான் கஷ்டமே. நாங்க ஸாரி சொன்னா, அபாலஜி பண்ணிட்டாங்கன்னு கேக்கறவங்க எடுத்துக்கறாங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல வேலி கிடையாது. வேலி இல்லாத சொல்லை நாங்க வெச்சுக்கறதில்ல."

"நம்ம மொழியில சொல்லக் கூடாதா?"

"நம்ம மொழியில சொல்றதையும் இங்க ஆங்கிலத்துல மாத்தித்தான் பதிவு பண்றோம். மாத்தும்போது எந்தச் சொல் வந்து உக்காரும்னு யாரால உத்தரவாதம் குடுக்க முடியும்?"

இவர்கள் உத்தரவாதத்தில் இத்தனை கறாராக இருப்பதைப் பார்த்து எனக்கு மலைப்பாக இருந்தது. இதில் கால்வாசியைக் கதவுப் பூட்டில் காட்டியிருந்தால் என் அக்கா இந்நேரம் யாருடைய ஜன்னலையாவது அளந்துகொண்டிருப்பாள்.

வெளியே நடைபாதையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே பட்டுத் துணிமேல் ஒரு டீக் கோப்பை. 'கடைசி ஸாரி' என்று கீழே எழுதியிருந்தது. கம்பெனியைத் தொடங்கியவர், இப்போதைய சேர்மனின் அப்பா, ஒரு வாடிக்கையாளரின் சட்டையில் டீயைக் கொட்டிவிட்டு வாய்தவறி ஸாரி சொல்லிவிட்டாராம். கொட்டியது அவர்தான் என்று அதனால் வெளியே தெரிந்துபோயிற்றாம். அதிகாரி இதைச் சொல்லும்போது கோப்பையின் முன் ஒரு கணம் தலைகுனிந்து நின்றார். அங்கே வேலை செய்கிற எல்லோரும் அதைத் தாண்டிப் போகும்போது அப்படித்தான் செய்தார்கள்.

"அப்ப அவர் சொல்லியிருக்காரே" என்றார் அத்தான், ஆவலோடு.

"அதனாலதான் இந்த மாடியைக் கட்ட வேண்டியதா போச்சு" என்றார் அதிகாரி.

தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒரு மெக்கானிக் நின்றிருந்தார். நரைத்த மீசை, சட்டையில் 'கன்சர்ன்' பட்டை. அத்தானைப் பார்த்ததும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். எங்கள் பக்கம் வந்தார், நின்றார், மறுபடி வந்தார்.

"நீங்க அந்தக் கர்ட்டன் அம்மாவோட வீட்டுக்காரர்தானே? அந்தக் கட்டிடம் என் பொறுப்புல இருந்தது அண்ணே. பூட்டு கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுத்தேன். புதுசு வர்ற வரைக்கும் ஒரு ஒயரைப் போட்டு, பூட்டு இல்லாமலே லிஃப்டை ஓட்டுன்னுட்டாங்க. போட்டேன். அண்ணே, நான்..."

உதடு துடித்தது. சொல் வந்து பல்லில் நின்றது தெரிந்தது. அத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க, இங்க யாரும் இல்ல" என்றார். சரியாக அப்போது மணிக்காரர் தண்ணீர் குடிக்க வந்தார், மணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. மெக்கானிக் கையை உருவிக்கொண்டார். "ஐ ஆம் கன்சர்ன்ட்" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்காமலே போய்விட்டார்.

"பாவம் அந்த ஆளு" என்றார் அத்தான், வீடு திரும்பும் வழியில். "அவர் சொன்னாலும் வாங்கிக்க எனக்கு மனசு வராது. ஒயரைப் போட்டு ஓட்டுன்னு சொன்னவங்கதானே சொல்லணும்."

நாங்கள் விடாமல் போய்க்கொண்டே இருந்தோம். கம்பெனி கடைசியில் இறங்கி வந்தது. சேர்மனே நேரில் டீப் ரிக்ரெட் தெரிவிப்பார் என்றார்கள். ஆனால் அதற்கு முன்னால் அத்தான் பெறுநர் பயிற்சிக்கு வர வேண்டும். கொடுக்கப்படுவது ரிக்ரெட்தான், வேறு எதுவும் இல்லை என்று புரிந்து வாங்கிக்கொள்கிறவருக்கு மட்டுமே அதைக் கொடுப்பது வழக்கமாம். அத்தான் பேக்கரியில் விடுப்பு சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வகுப்பில் நாங்கள் இருவர்தான். அதிகாரி பலகையில் மூன்று சொற்களை எழுதினார்.

"ஃபால்ட், மிஸ்டேக், எரர். மூணும் ஒண்ணுன்னு சாதாரண ஜனங்க நெனச்சுக்கறாங்க. ஃபால்ட் மெஷின்ல இருக்கும். மிஸ்டேக் மனுஷன்கிட்ட இருக்கும். எரர் பேப்பர்ல இருக்கும். இப்ப உங்க விஷயத்தைப் பாப்போம். மெஷின்ல ஃபால்ட் இல்ல, ஏன்னா பூட்டு கெட்டது தெரிஞ்சு, ஒயர் போட்டு, லிஃப்ட் நல்லா ஓடிட்டிருந்தது. மனுஷன்கிட்ட மிஸ்டேக் இல்ல, ஏன்னா போடச் சொன்னதைத்தான் மெக்கானிக் போட்டார். பேப்பர்ல எரர் இல்ல, ஏன்னா போடச் சொன்னதுக்குப் பேப்பரே கிடையாது."

அத்தான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர் மாதிரி மெல்லக் கையைத் தூக்கினார். "அப்ப அது எங்கதாம்மா இருக்கு?"

"அதைத்தான் நாங்களும் தேடினோம். எல்லாத்தையும் கழிச்ச பிறகு ஒரு சொல்தான் மிஞ்சுது. 'டிசிஷன்.' படியில போறதா, லிஃப்ட்ல போறதான்னு அன்னிக்கு யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு. அதை நீங்களே எங்களுக்குச் சொல்லியிருக்கீங்க. அந்த நேர்மையைக் கம்பெனி ரொம்ப மதிக்குது."

நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மணி விடாமல் அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "அவங்க படிச்சவங்க மச்சான்" என்றார். அவர் முகம் எரிந்து அடங்கிய அடுப்பு மாதிரி இருந்தது. எனக்கு அந்த அம்மாளின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. இதை வெட்கமில்லாமலே சொல்கிறேன்.

பயிற்சியின் கடைசிப் பகுதி நாடகம். ஒரு ஸாரியைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினமான உழைப்பு என்று பெறுநர் உணர வேண்டுமாம். அதனால் அத்தான் கம்பெனியாக நடிக்க வேண்டும், அதிகாரி பறிகொடுத்தவராக நடிப்பார். இடம் மாறி உட்கார்ந்தார்கள். அதிகாரி தன் 'ரிக்ரெட்' பட்டையைக் கழற்றி அத்தானுக்குக் குத்திவிட்டார்.

"ஐயா" என்று ஆரம்பித்தார் அதிகாரி. நன்றாகவே நடித்தார். "என் வீட்டுக்காரர் உங்க லிஃப்ட்ல போயிட்டார். படியில போறேன்னுதான் சொன்னார். நான்தான் லிஃப்ட்ல போங்கன்னு சொன்னேன்."

அத்தான் யோசிக்கவே இல்லை. "முதல்ல தண்ணி குடிங்கம்மா" என்றார். "லிஃப்ட்ல போன்னு யாரு வேணா யாருக்கு வேணா சொல்லலாம். அதுக்குத்தானே நாங்க லிஃப்ட் வெச்சிருக்கோம். அவருக்கு வலிக்கக் கூடாதுன்னு நீங்க பாசத்துல சொன்னது அது. பூட்டு எங்களுது. பாத்திருக்கணும், பாக்கல. உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. எல்லாம் எங்க மேல. ஸாரிம்மா. எங்களை மன்னிச்சிடுங்க."

மணிக்காரர் அடிக்க மறந்துவிட்டார். அதிகாரியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு நிமிஷத்துக்கு அந்த அம்மாள் நிஜமாகவே யாரையோ பறிகொடுத்தவர் மாதிரி இருந்தார். யாருக்குத் தெரியும், பறிகொடுத்தும் இருக்கலாம். பிறகு மணிக்காரருக்கு நினைவு வந்து, மெல்ல ஒரு முறை தட்டினார். அதிகாரி பட்டையைத் திரும்ப வாங்கிக் குத்திக்கொண்டு, "கம்பெனியா இருக்க உங்களுக்குத் தகுதி வரல" என்றார். ஆனாலும் பெறுநராகத் தேறிவிட்டதாக எழுதிக்கொண்டார்.

அத்தானுக்கு வேண்டிய அத்தனையும் அந்த அறையில் சொல்லப்பட்டுவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை அதேதான். ஆனால் சொன்னது அவர் என்பதால் அவர் அதைக் கேட்கவே இல்லை.

சேர்மனின் நிகழ்ச்சி மேல்மாடிக் கூடத்தில். எங்களை லிஃப்டில் வரச் சொன்னார்கள். அத்தான் படியில் ஏறினார். நானும் ஏறினேன். மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் கூடம் நிறைய ஆட்கள். அவரவர் சொல் அவரவர் சட்டையில். மேடையில் அக்காவின் படம் இருந்தது. கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு, யாரோ கூப்பிட்டுத் திரும்பியபோது எடுத்த படம். எங்களிடம் இருந்ததிலேயே அவள் சிரிக்கிற படம் அதுதான் என்று அத்தான் கொடுத்திருந்தார்.

சேர்மன் பேசினார். "இந்தக் கம்பெனியை எங்கப்பா ஒரு கோப்பை டீயில கவுக்கப் பாத்தார். நான் சொல்லால நிமித்தினேன். எங்க வீட்டு நாய் தெருவுல ஓடி அடிபட்டுச் செத்தப்ப என் பொண்ணு அழுதுட்டே ஓடி வந்தா. கதவைத் திறந்து விட்டது நான்தான். ஆனா அவகிட்ட கூட நான் 'கன்சர்ன்' தாண்டல. இன்னிக்கு வரைக்கும் அவ என்கிட்ட பேசறதில்ல. ஆனா பதிவு சுத்தமா இருக்கு." எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்துப் படித்தார். "நிகழ்ந்ததாகக் கருதப்படும் ஒரு கீழிறக்கத்தை ஒட்டி, சிலருக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய உணர்வுகள் ஏற்பட்டிருக்க நேர்ந்ததைக் கம்பெனி ஆழமாக ரிக்ரெட் செய்கிறது."

அவ்வளவுதான். அத்தான் இன்னும் வரும் என்று காத்திருந்தார். தாளின் பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமா என்று எட்டிக்கூடப் பார்த்தார். சேர்மன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பெறுநர் மேடைக்கு வந்து, பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, 'நோட்டட்' என்று சொல்ல வேண்டும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அத்தான் மேடை ஏறினார். பூங்கொத்து கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பியபோது அக்கா படம் நேராக எதிரே இருந்தது. கூடத்தை மறந்துவிட்டார். கொத்தை அவள் முன்னால் வைத்தார்.

"ஸாரிம்மா" என்றார். "நான்தான் உன்னை லிஃப்ட்ல வரச் சொன்னேன்."

மைக் பக்கத்தில் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது. மணி அடித்தது.

அதிகாரி ஓடி வந்து சேர்மன் காதில் ஏதோ சொன்னார். சேர்மன் முகம் முதலில் வெளுத்தது, பிறகு மெல்ல மலர்ந்தது. மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, இந்த இன்சிடென்ட்ல ஒரு ஸாரி சொல்லப்பட்டிருக்கு. யார் சொன்னாங்கன்னு எல்லாரும் பாத்தீங்க. பதிவுல யாராலன்னு இதுவரைக்கும் காலியா இருந்த இடம் நிரம்பிடுச்சு. இதைக் கம்பெனி..." என்று நிறுத்தி, அதிகாரி பக்கம் திரும்பி, "ரிசீவ் பண்றோமா, அக்செப்ட் பண்றோமா?" என்று கேட்டார்.

"ரிசீவ்னா கைக்கு வந்து சேந்துச்சு, அவ்வளவுதான் சார். அக்செப்ட்னா மனசார வாங்கிக்கிட்டோம்னு அர்த்தம்."

"அக்செப்ட்" என்றார் சேர்மன் பெருந்தன்மையோடு. "கம்பெனி இவரோட ஸாரியை அக்செப்ட் பண்ணுது."

கூடமே எழுந்து நின்று கை தட்டியது. கடைசி வரிசையில் அந்த மெக்கானிக் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றிருந்தார். சேர்மன் அத்தானைத் தோளோடு சேர்த்து அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். நான் மேடையில் ஏறி அவர் கையைப் பிடித்து, அக்கா படத்தை எடுத்துக்கொண்டு, வெளியே அழைத்து வந்தேன். யாரும் தடுக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

படியில் இறங்கினோம். ஒரு மாடி இறங்கியதும் அத்தான் உட்கார்ந்துவிட்டார்.

"ஏத்துக்கிட்டாங்களே மச்சான்" என்றார்.

"கிறுக்குப் பசங்க, அத்தான். அதைப் போய் மனசுல வெச்சுக்காதீங்க."

"இல்ல, யோசிச்சுப் பாரு. தப்பு பண்ணாதவன் வந்து மன்னிப்புக் கேட்டா, உன் மேல தப்பு இல்லப்பா, எழுந்திருன்னுதானே சொல்லுவாங்க? நாம கூட அப்படித்தானே சொல்லுவோம்? அவ்வளவு பேரு இருந்தாங்க. ஒருத்தர் கூட அப்படிச் சொல்லலியே."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அத்தான், நான் அவ கூடப் பொறந்தவன். என் அக்கா செத்திருக்கா. நான் சொல்றேன், உங்க மேல தப்பு இல்ல. அவங்க பூட்டு, அவங்க ஒயர், அவங்க தப்பு. அவளுக்கு முட்டி வலிக்கக் கூடாதுன்னு நெனச்ச மனுஷன் நீங்க ஒருத்தர்தான்."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாரே, அப்படிக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

"நீ நல்லவன்" என்றார். "ஆனா நீ கம்பெனி இல்லையே மச்சான்."

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு இறங்கினார். அக்கா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று, லிஃப்ட் கதவை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த படியில் கால் வைத்தார். அது கம்பெனியின் சொந்தக் கட்டிடம். எல்லா மாடியிலும் பூட்டு சரியாக இருந்தது.